உடன்படும் மௌனம்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் எலவனாசூர்கோட்டை அமைந்துள்ளது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். இதே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில்தான், பாறையில் வடிக்கப்பெற்ற பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என நாம் போற்றி வழிபடும் திருநறுங்கொண்டையும் உள்ளது. எனவே இவ்வூர்ப்பகுதி நமக்கு அயலானதன்று. நம் முன்னோர் நடந்த நிலம். நம் உறவினர் பலர் இன்றும் வாழும் நிலம்.

இந்நிலத்தின் அறுநூறு ஆண்டு வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு ஒரு வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தீமையைத் தான் செய்யாமல், பிறர் செய்வதைக் கண்டும் வாய் திறவாது இருப்பவனுக்கு அத்தீமையில் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு?

ஆகமம் வகுத்த கணக்கு

இவ்வினாவுக்கு நம் ஆசாரியர்கள் மிக நுட்பமான விடை வகுத்துள்ளனர். உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரம் வினை ஊற்றினைப் பற்றியது. அங்கே ஒரு செயல் உயிரைப் பற்றும் வழிகள் கணக்கிடப்படுகின்றன. எண்ணித் துணிதல், அதற்கு வேண்டியவற்றைக் கூட்டுதல், செயலைத் தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் எனக் கருவிகள் மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படல் என முறைகள் மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று எனக் கசாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 வரும். செபமாலையின் 108 மணிகளுக்கு இக்கணக்கையே காரணமாகப் பெரியோர் கூறுவர்.

இக்கணக்கில் நாம் பெரிதும் மறந்துவிடுவது, மூன்றாவதாகிய உடன்படலை. 108இல் 36 பங்கு அதற்குரியது. மூன்றில் ஒரு கூறு! 'நான் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை' என்று கூறுபவன் இரண்டு கூறுகளுக்கு மட்டுமே கணக்குக் காட்டியவன் ஆவான்.

உடன்படல் என்பது தலையசைப்பதும் கைதட்டுவதும் மட்டுமா? வாய் மூடி இருத்தலும் அதில் அடங்குமா? இவ்விடத்தில் அவசரப்படலாகாது. நம் சமயம் மௌனத்தைத் தவமாகவும் போற்றுகிறது. சொல்லால் பிற உயிர்க்குத் துன்பம் வருமாயின் சொல்லாதிருத்தலே வாய்மை என்பதும் நம் நெறி. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தானின் வாய்மை விரதத்தை விளக்குமிடத்து, பிறர்க்குக் கேடு விளைக்கும் உண்மையையும் உரைக்கலாகாது என்கிறார். எனவே மௌனம் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது யாரைக் காக்கிறது என்பதே வினா. துன்புறுவோனைக் காக்கும் மௌனம் விரதம். துன்புறுத்துவோனைக் காக்கும் மௌனம் உடன்பாடு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

கல்லில் வெட்டிய மறுப்பு

விசயநகரப் பேரரசர் இரண்டாம் தேவராயர் ஆட்சிக் காலம் 1422 முதல் 1446 வரை. அக்காலத்தில் தமிழகத்தின் நடுநாட்டிலும் காவிரிப் பகுதியிலும் குடிமக்கள் கடும் வரிச்சுமைக்கு ஆளாயினர். இராசகரத்தார் எனப்பட்ட அரச அலுவலரும், சீவிதக்காரர் எனப்பட்ட நில மானியம் பெற்றோரும், காணியாளர் எனப்பட்ட நிலவுடைமையாளரும் உழுகுடியையும் தொழிற்குடியையும் வருத்தினர். 1429ஆம் ஆண்டை ஒட்டி வலங்கை 98, இடங்கை 98 எனும் பிரிவினர் ஒன்றுகூடி இதனை எதிர்த்து முடிவுகள் எடுத்தனர். அம்முடிவுகளைக் கோயிற் சுவர்களில் வெட்டுவித்தனர். விருத்தாசலம், ஆடுதுறை, திருவைகாவூர், கொறுக்கை ஆகிய ஊர்களோடு எலவனாசூரும் இவ்வகைக் கல்வெட்டு கிடைத்த ஊர்களுள் ஒன்று. சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமாவும் நம் நாட்டுக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்து விரிவாக எழுதியுள்ளனர்.

வலங்கையும் இடங்கையும் பல நூற்றாண்டுகள் ஒன்றோடொன்று பூசலிட்ட பிரிவுகள். அவை ஓரிடத்தில் கூடியதே வியப்பு. அதனினும் கருதத்தக்கது அவர்கள் எடுத்த முடிவின் தன்மை. வரி வாங்குவோரை நோக்கி 'வாங்காதே' என்று ஆணையிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தம்மை நோக்கியும், தம் ஊரில் காணி உடையோரை நோக்கியும் பேசினர். கொடுமை செய்யும் அலுவலர்க்கு ஒருவரும் இடம் கொடுத்தல் கூடாது. அவர்களுக்காகக் கணக்கு எழுதுதல் கூடாது. அவர்கள் கேட்கும் முறையற்றவற்றுக்கு இசைதல் கூடாது என்பதே அம்முடிவின் சாரம். சில கல்வெட்டுகளில் எந்நிலத்துக்கு எவ்வளவு வரி என்பதையும் தாமே வகுத்துப் பொறித்தனர்.

'கணக்கு எழுதலாகாது' எனும் விதியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்க்கணக்கன் யாரையும் அடிப்பதில்லை; யார் வீட்டையும் கொள்ளையிடுவதில்லை. ஓலையில் எழுத்தாணியால் சில எண்களைக் கீறுகிறான். ஆயினும் அவன் எழுதாவிட்டால் அலுவலனின் கொடுமை ஊருக்குள் நுழைய வழியில்லை. தங்க ஒரு திண்ணையும், எழுத ஒரு கையும், தலையசைக்க ஒரு சபையும் இல்லாமல் எந்தக் கொடுமையும் நீடித்து நிற்பதில்லை என்பதை அவ்வெளிய மக்கள் உணர்ந்திருந்தனர். ஆகமம் உடன்படல் என்று பெயரிட்டதை அவர்கள் தம் பட்டறிவால் கண்டறிந்து கல்லில் வெட்டினர்.

மீறுவோர்க்கு அவர்கள் விதித்த தண்டனை மிகக் கொடியது. அகிம்சையை உயிராகக் கொண்ட நாம் அதனை ஏற்க இயலாது. ஆனால் தண்டனையை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் அக்கல்வெட்டின் அறிவு நமக்கு எஞ்சி நிற்கிறது.

செஞ்சியில் நிகழ்ந்தது

அடுத்த நிகழ்ச்சி நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லக் கேட்டது. தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இடம்பெற்றது. அம்மரபின்படி, செஞ்சியை ஆண்ட நாயக்கத் தலைவன் ஒருவன் 1478ஆம் ஆண்டில் சமணர்மீது பெருஞ்சினம் கொண்டு, அகப்பட்டோரைச் சிரச்சேதம் செய்ய ஆணையிட்டான். சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் நெற்றியில் நீறு பூசிச் சைவராயினர். நீறுபூசி நயினார் எனும் பெயர் அவ்வாறு தோன்றியதென்பர். இன்னும் சிலர் வெளியே ஒரு கோலமும் வீட்டுக்குள் ஒரு வழிபாடுமாக நாள்களைக் கழித்தனர்.

திண்டிவனத்தை அடுத்த வேலூரில் வாழ்ந்த வீரசேனாசாரியர் நீரை வடிகட்டும்போது கண்டுபிடிக்கப்பட்டுச் செஞ்சிக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்றும், அந்நேரம் தலைவனுக்கு மகப்பேறு நிகழ்ந்த மகிழ்ச்சியால் உயிர் தப்பினார் என்றும், பின்னர்ச் சிரவணபெளகுளம் சென்றார் என்றும் மரபு கூறும். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையம் சென்று அங்கிருந்த பாளையக்காரரிடம் அடைக்கலம் பெற்றார். காலம் மாறியபின் அவரே சிரவணபெளகுளம் சென்று வீரசேனாசாரியரை அழைத்து வந்து, மறைந்திருந்த குடும்பங்களுக்கு மீண்டும் பூணூல் அணிவித்து நம் சமூகத்தை நிலைநிறுத்தினார்.

இம்மரபில் கொன்றவன் பெயரை நாம் நினைவில் வைத்துள்ளோம். காத்தவர் ஊரையும் நினைவில் வைத்துள்ளோம். ஆனால் இவ்விருவர்க்கும் இடையில் ஒரு பெருங்கூட்டம் இருந்திருக்கும் அன்றோ? அண்டை வீட்டார், கொல்லர், தச்சர், வண்ணார், ஒரே களத்தில் நெல் தூற்றியோர், ஒரே குளத்தில் நீர் மொண்டோர். அவர்கள் என்ன செய்தனர் என்று மரபு எதுவும் கூறவில்லை. சிலர் காட்டிக் கொடுத்திருக்கலாம். சிலர் இரவில் கதவு திறந்து ஒளித்தும் வைத்திருக்கலாம். எவரும் உதவாதிருந்தால் மறைந்து வாழ்ந்த குடும்பங்கள் தப்பியிருக்க வழியில்லை. ஆனால் பெரும்பாலோர் ஒன்றும் சொல்லாதிருந்தனர் என்றே ஊகிக்க வேண்டியுள்ளது. அவர்களை இன்று பழிப்பது என் நோக்கமன்று. அண்டை வீட்டாரின் மௌனம் எவ்வளவு விலை உடையது என்பதைப் பிறர் நூலிற் படித்து அறிய வேண்டிய சமூகம் நம்முடையதன்று என்பதை நினைவூட்டுவதே நோக்கம்.

காவலர் ஐயுற்ற நொடி

இம்மௌனத்தின் உட்கூற்றை இளங்கோவடிகள் சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் காட்டியிருப்பதைப் போல் வேறெவரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. பொற்கொல்லன் பொய் சொன்னான், பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான், கோவலன் கொலையுண்டான். கதையை இவ்வாறு மூன்று தொடரில் சொல்லிவிடுகிறோம். நடுவில் ஒரு நொடி உள்ளது. ஆணை பெற்றுவந்த காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்று ஐயுறுகின்றனர். அதனை வாய்விட்டும் சொல்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று நூலறிவு பேசுகிறான். அடுத்து ஓர் இளைஞன் தான் கண்ட திருட்டு ஒன்றைக் கூறுகிறான். பேச்சு நீள்கிறது, ஐயம் தளர்கிறது. அப்போது கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

வாள் வீசியவன் ஒருவனே. ஆனால் உண்மை அறிந்த கண்கள் அங்கே பல இருந்தன. 'மீண்டும் மன்னரிடம் சென்று கேட்போம்' எனும் ஒரு சொல், ஓர் உயிரையும் ஒரு நகரையும் காத்திருக்கும். அச்சொல் பிறக்கவில்லை. இதற்கு எதிராகக் கவுந்தியடிகளை எண்ணிப் பாருங்கள். அவ்வம்மையார் யாதொரு பிழையும் செய்யவில்லை. வழித்துணையாக வந்து, கண்ணகியை மாதரியிடம் நல்லெண்ணத்தோடு ஒப்படைத்தார். ஆயினும் நிகழ்ந்ததை அறிந்ததும் உண்ணா நோன்பேற்று உயிர்நீத்தார். குற்றமுடையோர் தம் பங்கை உணராதிருக்க, குற்றமற்றவர் பொறுப்பை ஏற்கிறார். அறவுணர்வு மிக்கவர்க்கே பொறுப்பும் பெரிதாகத் தோன்றும் போலும்.

கருணாபுரம், 2024

இனி நம் காலத்துக்கு வருவோம். 2024 சூன் திங்கள் 18, 19 ஆகிய நாள்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்கள் சிலவற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தியோர் வரிசையாக மாண்டனர். இறந்தோர் தொகை 60ஐக் கடந்தது. அவர்களுள் பெண்களும் அடங்குவர். ஏறக்குறைய அனைவரும் அன்றாடக் கூலிகள். மெத்தனால் உடலுக்குள் சென்று ஃபார்மிக் அமிலமாக மாறும். அது முதலில் கண் நரம்பைத் தாக்கும். அதனால்தான் பலர் பார்வை மங்குகிறது என்று கூறிக்கொண்டே மருத்துவமனைக்கு வந்தனர். முதலில் சில சாவுகளுக்கு வேறு நோய்களே காரணமாகச் சொல்லப்பட்டன. துக்கம் கேட்க வந்தவர்களும் அதே சாராயத்தை அருந்தினர் எனச் செய்தித்தாள்கள் எழுதின.

இது மறைவிடத்தில் நடந்த வாணிகம் அன்று. காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலிருக்கும் நகரப் பகுதியில் பொட்டலமாக விற்கப்பட்டது. கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்படுவது பல ஆண்டுகளாக இம்மாவட்டத்தில் எவரும் அறியாத செய்தியும் அன்று. ஓராண்டுக்கு முன்னர், 2023 மே திங்களில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் மடிந்திருந்தனர். எச்சரிக்கை வந்து ஓராண்டு ஆகியும் பொட்டலம் விற்பனை நிற்கவில்லை. பின்னர் அதிகாரிகள் மாற்றப்பட்டனர். சிலர் பணி இடைநீக்கம் பெற்றனர். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வு அமைப்பிடம் ஒப்படைத்தது. மலைவாழ் மக்களின் வறுமை நிலையையும் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

அரசின் பிழையை ஆராய நீதிமன்றம் உண்டு. நாம் ஆராய வேண்டியது ஊரின் மௌனத்தை. பொட்டலம் எங்கே கிடைக்கும் என்று அறிந்தோர் எத்தனை பேர்? அறிந்தும் சொல்லாதோர் அனைவரும் ஒரே தராசில் வைக்கத் தக்கவரோ? அல்லர். இங்கேதான் கசாயங்களைப் பற்றிய நம் தத்துவம் துணை நிற்கிறது.

விற்பவனிடம் பங்கு பெற்று வாய் மூடியவனின் மௌனம் பற்றினால் விளைந்தது. அது நான்கு கசாயங்களுள் ஒன்று. சொன்னால் வீடு புகுந்து அடிப்பான் என்று அஞ்சிய கூலித் தொழிலாளியின் மௌனம் அச்சத்தால் விளைந்தது. அச்சத்தை ஆகமம் நோகசாயம் எனும் சிறு கசாயங்கள் ஒன்பதனுள் வைக்கிறது. அதுவும் வினைக்கு வாயிலே. எனினும் பற்றோடு ஒப்ப வைக்கப்படவில்லை. மூன்றாவது மௌனம் ஒன்று உண்டு. 'குடிப்பவன் சாகிறான், நமக்கென்ன?' என்பது அது. அதில் அச்சமும் இல்லை, ஆதாயமும் இல்லை. செருக்கு உண்டு. நாம் குடிப்பதில்லை, நாம் மேலானவர் எனும் செருக்கு. கசாயங்களுள் செருக்கும் ஒன்று என்பதை நாம் மறத்தலாகாது.

நம் குடும்பங்களை இம்மூன்றாம் மௌனமே பெரிதும் சூழக்கூடும். மது, புலால், தேன் மூன்றையும் விலக்குதல் நம் மூலகுணங்களுள் அடங்கும். அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தோம். அது பெருமையே. ஆனால் விலக்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணினால், செய்யாமை எனும் ஒரு கூற்றை மட்டும் நிறைவேற்றி உடன்படாமை எனும் கூற்றைக் கைவிட்டவர் ஆவோம். கள்ளாமை விரதத்துக்கு வரும் குற்றங்களாகத் திருட்டுப் பொருளை வாங்குதலையும் போலிப் பொருளைக் கலந்து விற்றலையும் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே உயிரின் பயன் என்றும் அது கூறுகிறது. கருணாபுரத்தில் மாண்டவனும் அவ்வுயிர்களுள் ஒருவனே.

கூட்டமும் சபையும்

பலர் அறிந்திருந்தும் ஒருவரும் சொல்லாதது ஏன் என்பதை மேனாட்டு உளவியலார் ஆராய்ந்துள்ளனர். 1968இல் அமெரிக்க அறிஞர் லட்டானே, டார்லி இருவரும் ஒரு சோதனை நிகழ்த்தினர். அடுத்த அறையில் ஒருவர் வலிப்பால் துடிக்கும் ஒலி கேட்கச் செய்தனர். தான் ஒருவனே கேட்கிறேன் என்று எண்ணியோருள் 85 விழுக்காட்டினர் அந்த ஒலி அடங்குமுன் உதவிக்கு எழுந்தனர். தன்னோடு வேறு நால்வரும் கேட்கின்றனர் என்று எண்ணியோருள் அவ்வாறு எழுந்தோர் 31 விழுக்காட்டினரே. கூட்டம் பெருகப் பெருகப் பொறுப்பு தேய்கிறது. 'வேறு எவரேனும் சொல்வர்' எனும் எண்ணமே அனைவரையும் ஊமையாக்குகிறது.

அவ்வாறாயின் எலவனாசூரிலும் விருத்தாசலத்திலும் அன்று கூடிய கூட்டம் ஏன் ஊமையாகவில்லை? கூட்டம் வேறு, சபை வேறு என்பதே விடை. கூட்டத்தில் ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துக்கொண்டிருப்பான். சபையில் இன்னார் இன்னது செய்யலாகாது என்பது பேசி முடிவாகி, அனைவர் காதிலும் விழுந்து, கல்லிலும் ஏறியிருக்கும். அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை; தனித்து நிற்கும் அச்சமும் இல்லை. தனியொருவன் சொன்னால் அவன் வீடு தாக்கப்படும். நூறு குடும்பம் ஒரே தாளில் கையொப்பமிட்டுச் சொன்னால் எந்த வீட்டைத் தாக்குவது?

நாட்டுச் சட்டமும் இதனை ஒருவாறு கருதியுள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, கொலை, கொள்ளை, உணவுப் பொருளில் நஞ்சு கலத்தல் முதலிய சில குற்றங்களை அறிந்த எவரும் காவலர்க்கோ நீதித்துறை நடுவர்க்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றது. தக்க காரணம் இருந்தால் விலக்கும் அளித்தது. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இக்கடமை தொடர்கிறது. அறிந்தவன் சொல்ல வேண்டும். அஞ்சுபவனுக்கு இரக்கம் காட்ட வேண்டும். ஆகமமும் சட்டமும் இவ்விடத்தில் ஒத்து நிற்கின்றன.

ஆகவே நம் அறக்கட்டளைகளும் சினாலயச் சபைகளும் ஒன்றைச் செய்யலாம். ஊரில் நடக்கும் தீமை ஒன்று நம்மவர் ஒருவர்க்குத் தெரியவந்தால், அவர் தனியே நின்று சொல்ல வேண்டிய நிலையைப் போக்கிச் சபையின் பெயரால் எழுதி அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். துன்புறுவோர் நம்மவராயினும் பிறராயினும் அது பொருந்த வேண்டும். செஞ்சியில் ஓடியவர்க்குக் கதவு திறந்த உடையார்பாளையத்தார் நம் சமயத்தவர் அல்லர்.

தசலட்சண நோன்பு முடிந்து பொறுத்தருள வேண்டும் நாளில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு ஒருவரையொருவர் வணங்கிக் கேட்கிறோம். செய்த பிழைகளை எளிதில் எண்ணிவிடலாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாது விட்டவற்றையும் அந்நாளில் எண்ணிப் பார்ப்போமாக. செபமாலையின் 108 மணிகளில் 36 மணிகள் அவற்றுக்கு உரியவை.